மாலை 12:40

தங்கராஜுவின் பெயர் அட்டையில் இரண்டு வரிகள் உண்டு. முதல் வரியில் பெயர், இரண்டாவது வரியில் 'தமிழ்ப் பிரிவுத் தலைவர்'. அந்தப் பிரிவில் வேறு ஆளே கிடையாது என்பதை அட்டையும் சொல்லாது, அவரும் சொல்ல மாட்டார்.

கம்பெனி இருந்தது புக்கிட் மேராவில், ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியில். பல் டாக்டர், பிசியோதெரபி, கண் பரிசோதனை, முடிவெட்டும் கடை என்று எங்கே போவதானாலும் கைப்பேசியிலேயே முன்பதிவு செய்துகொள்ள ஒரு செயலி வைத்திருந்தார்கள். உங்களுக்கு இன்ன தேதி, இன்ன நேரம் என்று அது காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. தங்கராஜு அங்கே பதினான்கு வருடங்களாக டெஸ்டர். அதாவது மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பவர். வீட்டில் அந்த வேலையை அவருடைய மனைவி சிவகாமசுந்தரி சம்பளமில்லாமல் செய்துவந்தார்.

ஆறு வருடங்களுக்கு முன் செயலியை இங்கிலீஷ், சீனம், மலாய், தமிழ் என்று இந்த ஊரின் நான்கு மொழியிலும் கொண்டுவர முடிவானது. மேலாளர் ஷேரன் கோ அலுவலகத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை தங்கராஜுவின் மேல் வந்து நின்றது.

"யூ தமிழ், ரைட்?"

"யெஸ்."

"கேன் டூ தமிழ்?"

"கேன்."

அந்த ஒரு சொல்லில் வேலை முடிந்துவிட்டது. இந்த ஊரில் 'கேன்' என்று சொல்ல இரண்டு விநாடி போதும், 'முடியாது' என்று சொல்லத்தான் மூன்று மீட்டிங் போட வேண்டும். பள்ளியில் தமிழில் பி நான்கு என்று சுமாரான கிரேடு வாங்கியதோடு சரி, அதன் பிறகு அவர் தமிழில் எழுதியதெல்லாம் கல்யாண மொய்க்கவரின் மேல் தன் பெயரைத்தான். இருந்தாலும் நான்கு மாதம் உட்கார்ந்து, அகராதியும் கையுமாக, எண்ணூறு சொற்களை மொழிபெயர்த்து முடித்தார். 'ரத்து செய்', 'உறுதிப்படுத்து', 'மீண்டும் முயல்க' எல்லாம் அவர் போட்டவைதான். 'மீண்டும் முயல்க' என்ற இடத்தில் அவருக்கே கொஞ்சம் பெருமை.

அந்த இரண்டு வரி அட்டை வந்த பிறகு ஆள் மாறிவிட்டார். ஏப்ரலில் தமிழ்மொழி மாதம் வந்தால் போதும், சமூக மன்றத்தில் 'தமிழும் தொழில்நுட்பமும்' என்று பேசக் கூப்பிடுவார்கள். ஜிப்பாவை மாட்டிக்கொண்டு போய் வெளுத்து வாங்குவார். "நம் பைகளில் இருக்கும் கருவி நம் மொழியில் பேச வேண்டும்!" என்று முடிப்பார். கைதட்டல் வரும். கைதட்டியவர்கள் உடனே கைப்பேசியை எடுத்து அவரைப் படம்பிடித்து, இங்கிலீஷில் ஒரு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்புவார்கள்.

"அந்த ஜிப்பாவ போட்டா மட்டும் உங்களுக்குத் தமிழ் நல்லா வருது. பேசாம ஆபீஸுக்கும் அதையே போட்டுட்டுப் போங்க" என்பார் சிவகாமசுந்தரி.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான், போன செப்டம்பர் மாதம், ஷேரன் ஒரு திரையைப் போட்டுக் காட்டினார். எத்தனை பேர் எந்த மொழியில் செயலியை வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு. இங்கிலீஷ் லட்சத்தைத் தாண்டியிருந்தது. சீனமும் மலாயும் ஆயிரக்கணக்கில் இருந்தன. தமிழ் அறுபத்தொன்று.

அறுபத்தோராயிரம் இல்லை. அறுபத்தொன்று.

அடுத்த வெர்ஷனில் தமிழை எடுத்துவிடலாமா என்று யோசிப்பதாக ஷேரன் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவே சொன்னார். ஒவ்வொரு முறை எதையாவது மாற்றும்போதும் தமிழுக்கென்று தனியாக வேலை பார்க்க வேண்டியிருக்கிறது, அறுபத்தொரு பேருக்காக எத்தனை நாள்தான் செய்வது, அக்டோபர் முடிவதற்குள் முடிவெடுத்துவிடுவேன் என்றார். தங்கராஜு மெதுவாகத் தலையாட்டினார். சட்டைப் பையில் இருந்த அட்டையின் இரண்டாவது வரி சுடுவதுபோல் இருந்தது. அது போய்விட்டால் மிச்சமிருப்பது ஐம்பத்திரண்டு வயதில் ஒரு டெஸ்டர். ஏப்ரலில் எந்த மன்றம் கூப்பிடும்?

'அறுபது பேரும் நானும்' என்று அன்று எம்ஆர்டி ரயிலில் கிளமெண்டி வீட்டுக்குத் திரும்பும்போது நினைத்துக்கொண்டார். அறுபது பேரும் யார், எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆறு வருடத்தில் அவர்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதியதில்லை. லிஃப்ட் இரண்டு நிமிடம் தாமதமானால் நகர மன்றத்துக்குப் படத்தோடு புகார் அனுப்புகிற ஊர் இது. தமிழ்ப் பக்கத்தைப் பற்றி மட்டும் புகாரே இல்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறோம் என்றுதான் அவர் இதுவரை நினைத்திருந்தார். யாரும் பார்க்கவில்லை என்றாலும் புகார் வராது என்பது இப்போதுதான் உறைத்தது.

நான்கு நாள் கழித்து முதல் புகார் வந்தது.

'எனக்கு மாலை 12:40க்கு நேரம் குறித்திருந்தீர்கள். மாலை 12:40 எந்த ஊரில் வரும் என்று தெரியவில்லை. மாலை என்று இருந்ததால் ஐந்து மணிக்குப் போனேன். உங்கள் முறை போய்விட்டது, அடுத்தது ஆறு வாரம் கழித்துத்தான் என்று அனுப்பிவிட்டார்கள். தோள் வலி எனக்கு, தப்பு உங்களுக்கு. இப்படிக்கு ஜைனப், தையல் கடை, டன்லப் தெரு.'

நல்ல மனிதராக இருந்தால் இதைப் படித்ததும் முகம் தொங்கியிருக்க வேண்டும். தங்கராஜுவுக்கோ தலைகால் புரியவில்லை. தமிழில் வந்திருக்கிறது! முற்றுப்புள்ளியோடு வந்திருக்கிறது! யாரோ ஒருவர் படிக்கிறார்! அதை அச்செடுத்து, ஒன்று கசங்கினால் இருக்கட்டும் என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டு, ஷேரனின் மேசைக்கு ஓடினார். வரிவரியாக இங்கிலீஷில் சொல்லிக் காட்டினார்.

ஷேரன் பொறுமையாகக் கேட்டார். "ஸோ, வாயைத் திறந்த ஒரே யூஸர், உன் தமிழ் தப்புன்னு சொல்றாங்க."

"யெஸ். பட் ஷி ரீட்ஸ் லா!"

ஷேரன் அச்செடுத்த தாளை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு, அந்த அம்மாவை நேரில் போய்ப் பார், என்ன தப்பு, யார் செய்தது, எப்படிச் சரிசெய்வது என்று எழுதிக் கொடு, வெள்ளிக்கிழமை வேண்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன் என்றார்.

என்ன தப்பு என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. அன்று நிரல் எழுதியவர்கள் எங்கோ வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய எக்ஸெல் தாளில் ஏஎம் என்று ஒரு கட்டம், பிஎம் என்று ஒரு கட்டம், பக்கத்தில் தமிழ் எழுத இடம். முதல் கட்டத்தில் 'காலை' என்றும் அடுத்ததில் 'மாலை' என்றும் எழுதியிருந்தது. பகல் பன்னிரண்டு அடித்த நொடியிலிருந்து இரவு பன்னிரண்டு வரைக்கும் செயலிக்கு மாலைதான். சாப்பாட்டு நேரமும் மாலை, இரவு ஒன்பதரையும் மாலை. கிளினிக்குகள் பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மூடிக் கிடப்பதால் விஷயம் இத்தனை வருடம் வெளியே வரவில்லை.

எழுதியது யார்? தாளே சொன்னது. கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தால் பெயரும் நேரமும் வரும். தங்கராஜு, 3:52 பிஎம். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்று ஐம்பத்தைந்துக்கு எல்லோரும் தே, அதாவது பால் டீ, குடிக்கக் கீழே இறங்குவார்கள். இரண்டு கட்டத்தையும் நின்றுகொண்டே நிரப்பிவிட்டு லிஃப்டைப் பிடித்தார். மறுநாள் சோதித்தும் பார்த்தார். காலை பத்து மணிக்குத் திரையைப் பார்த்தார், 'காலை 10:00' என்று அழகாக இருந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தார், 'மாலை 5:30', அதுவும் அழகாக இருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டார். நடுவில் பன்னிரண்டு நாற்பதுக்குப் பார்த்திருக்கலாம். அந்த நேரத்தில் அவர் கோப்பிக்கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனாலும், வெளிநாட்டு நிரலாளர்கள் இரண்டே கட்டங்கள் கொடுத்தால் மனிதன் என்ன செய்வான் என்று ஒரு வாதம் இருந்தது. புதன்கிழமை லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போது அந்த வாதத்தை இங்கிலீஷில் மனதுக்குள் மெருகேற்றிக்கொண்டே போனார். சிராங்கூன் ரோடு முழுக்கத் தீபாவளி அலங்காரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

டன்லப் தெருக் கடையில் ஒருவர் நிற்கத்தான் இடம். இரண்டு தையல் மிஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ரவிக்கைகள், தைல வாசனை. ஜைனப்புக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கடையநல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர், முப்பது வருடத்துக்கு மேல் இதே தெரு. தலைமுக்காடும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு துணியை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவது இடது கை. வலது கை மடியில் கிடந்தது.

"நாலு மணின்னீங்க, தம்பி" என்றார் நிமிராமலே.

மணி நாலு இருபத்தைந்து. "எம்ஆர்டில கூட்டம், அக்கா."

"இல்ல, மாலை நாலுன்னு மெசேஜ் போட்டிருந்தீங்க. அதுலயும் எதும் தப்பான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

முழுசாய் நரைத்த தலையைப் பார்த்த பிறகும் தம்பி என்கிறாரே என்று ஒரு சின்ன சந்தோஷம் வரப் பார்த்தது, அடுத்த வரியிலேயே போய்விட்டது. தங்கராஜு அசடு வழிய உட்கார்ந்தார். நோட்டை எடுத்தார். ஐந்து மணிக்கு ஏன் போனீர்கள், பன்னிரண்டு நாற்பது என்ற எண்ணும் இருந்ததே என்று கேட்டார். இந்தக் கேள்வியில் தப்பிக்க ஒரு சந்து இருக்கிறது என்று அவருக்கு உள்ளூர ஓர் ஆசை.

ஜைனப் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ரெண்டும் சேராதுல்ல தம்பி. மாலைன்னா பன்னெண்டு இல்ல, பன்னெண்டுன்னா மாலை இல்ல. எதாச்சும் ஒண்ணு தப்பு. எண்ணு மெஷின் போடுறது, மாறிப் போகும். 'மாலை'ங்கிறத ஒரு மனுசன் உக்காந்து யோசிச்சு எழுதியிருப்பான்ல? அதான் அதை நம்பினேன்."

தங்கராஜு நோட்டை மூடினார். உட்கார்ந்துகூட எழுதவில்லை அக்கா, நின்றுகொண்டு எழுதினேன், தே ஆறிவிடும் என்று எழுதினேன். இதை எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. மேடையில் பேசும்போது வருகிற வெட்கம் இல்லை, நிஜமான வெட்கம். மெருகேற்றிக்கொண்டு வந்த வாதம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"தோள் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"தீவாளி ஆர்டர் நாப்பது ரவிக்கை கெடக்கு. இடது கையால வெட்டிப் பழகுறேன். கையைத் தூக்கித் தலைமுடி கட்ட முடியல, மக வந்து கட்டிவிடுறா." குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். பிறகு, "அத விடுங்க. எப்படி மாத்தப் போறீங்க, அதச் சொல்லுங்க" என்றார்.

தங்கராஜு நோட்டைப் பிரித்தார். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்காகப் பிரிக்கலாம் என்றார். ஜைனப்புக்கு அது போதவில்லை.

"ஆறு மணிய காலைன்னு போடுவீங்களா? இந்த ஊர்ல ஆறு மணிக்கு விடிஞ்சா இருக்கு? நான் சுபுஹு தொழுது முடிச்சும் வெளிய இருட்டாத்தான் கெடக்கும். அது அதிகாலை. ஏழுக்கு அப்புறம்தான் காலை. பன்னெண்டு அடிச்சா மதியம், லுஹர் தொழுகை பாங்கும் அதுலதான் வரும். அஸர் தொழுகை வர்ற நாலு மணியிலருந்து மாலைன்னு வைங்க. மஃரிப் தொழுகை ஏழு மணி வாக்குல வருதா, அது வரைக்கும் மாலைதான். இந்தியால ஆறுக்கே இருட்டிரும், இங்க வெயில் அடிச்சிட்டிருக்கும். அதுக்கு மேல இரவு. இதுல என்ன கஷ்டம்?"

கஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து முறை நேரம் பார்க்கிற மனுஷி, அவர் ஆறு வருடமாகக் கோட்டைவிட்டதை ஆறு நிமிடத்தில் வகுத்துக் கொடுத்துவிட்டார். தங்கராஜு வேகவேகமாக எழுதினார். இந்த ஊரின் விடியலுக்கும் அந்திக்கும் ஏற்ற தமிழ் என்று அடுத்த ஏப்ரலில் பேசினால் எடுபடும் என்றுகூட நடுவில் ஒரு நினைப்பு ஓடியது. அந்த மனிதர் அப்படித்தான்.

"எல்லா போன்லயும் இப்படித்தான் வருதா, இல்ல என்னோடதுல மட்டுமா?" என்று ஜைனப் திடீரென்று கேட்டார். "உங்க போன்ல எப்படி வருது? காட்டுங்க பாப்போம்."

தங்கராஜு பழக்கதோஷத்தில் கைப்பேசியை எடுத்துச் செயலியைத் திறந்து நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் அவரும் பார்த்தார்.

எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரு தமிழ் எழுத்து கிடையாது. அடுத்த மாதப் பல் டாக்டர் 11:15 ஏஎம் என்றிருந்தது.

தமிழை அவர் சோதித்ததெல்லாம் அலுவலக மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு பழைய போனில். அது ஷேரன் காட்டிய கணக்கில் வராது. தன் சொந்தப் போனில் மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மறந்ததுகூட இல்லை, தோன்றவே இல்லை.

"இது... டெஸ்டிங்குக்காக..." என்று மென்று விழுங்கினார். சிவகாமசுந்தரி இருந்திருந்தால் அந்தப் பொய்யை அப்போதே பிடித்திருப்பார். ஜைனப் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தும் விட்டுவிட்டார்.

"சரி, தமிழ்ல மாத்திக் காட்டுங்க."

தங்கராஜு அமைப்புகளுக்குள் போனார். அங்கே இல்லை. வெளியே வந்தார். தன் பெயரைத் தட்டினார். கடவுச்சொல்லை மாற்றவா என்று கேட்டது. மறுபடியும் வெளியே வந்தார்.  தமிழ்ப் பிரிவுத் தலைவருக்குத் தமிழ் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

ஜைனப் இடது கையை நீட்டி, "மேல அந்த மூணு கோட்டைத் தட்டுங்க, தம்பி. கீழ போங்க. இன்னும் கீழ. ஆங், கடைசில இருக்குல்ல, அதான்" என்றார்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் நடந்ததை அப்படியே மனைவியிடம் சொன்னார். சிவகாமசுந்தரி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்கு எப்பவோ தெரியும். வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

அறுபது பேரும் நானும் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, அந்தக் கணக்கை இப்போது திருத்த வேண்டியிருந்தது. அறுபத்தொன்றும் மற்றவர்கள். முன்பின் தெரியாத அறுபத்தொரு பேர், அவர் நின்றுகொண்டு எழுதியதை நம்பி, டாக்டரிடமும் பல் பிடுங்கவும் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஷேரனிடம் ஒரு பக்கத்தை நீட்டினார். நேரத்தை ஐந்தாகப் பிரிக்கும் அட்டவணை அதில் இருந்தது. ஷேரன் அதைப் படித்துவிட்டு, அந்தப் பழைய இரண்டு சொற்களை எழுதியது யார் என்று கேட்டார். அந்த வெளிநாட்டு நிரலாளர்களோடு கம்பெனிக்கு இப்போது தொடர்பே இல்லை. பழியைப் போட்டால் கேட்க நாதியில்லை.

"நான்தான்" என்றார் தங்கராஜு.

ஆறு வருடமாக உன் கண்ணில் படவில்லையா என்றார் ஷேரன்.

"என் போன் இங்கிலீஷ்ல இருந்துச்சு. நான் ஒருநாள்கூடத் தமிழ்ல யூஸ் பண்ணல." சொல்லிவிட்டு, அட்டையின் இரண்டாவது வரிக்கு மனதுக்குள் விடைகொடுத்தார்.

ஷேரன் அந்தப் பக்கத்தை மேசையில் வைத்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தார். தன் கைப்பேசியை எடுத்தார். "மை ஒன் ஆல்ஸோ இங்கிலீஷ்" என்றார் தாழ்ந்த குரலில். "சைனீஸ் எப்படி இருக்குன்னு நானும் பார்த்ததே இல்ல."

தேடித் தேடி அவரும் சீனத்துக்கு மாற்றினார். அவருக்கும் நேரமாயிற்று. தங்கராஜுதான் அந்த மூணு கோட்டைக் காட்டினார். ஷேரன் திரையை நெற்றி சுருங்கப் பார்த்தார். "ஐ திங்க் ஓகே" என்றார். மறுபடியும் பார்த்துவிட்டு, "ஐ ஆஸ்க் மை மதர்" என்றார்.

உடைந்த பொருளை யாரும் வாங்கவில்லை என்று கணக்குக் காட்டுவது நியாயமில்லை, சரிசெய்துவிட்டு ஆறு மாதம் பார்ப்போம், அதற்குள் நூறு பேராவது வர வேண்டும் என்றார் ஷேரன். மாற்றம் அடுத்த வாரமே வந்துவிட்டது. தங்கராஜு இந்த முறை அதிகாலை ஆறுக்கு எழுந்து பார்த்தார், பன்னிரண்டு நாற்பதுக்கு மீ கோரெங்கைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தார். ஜைனப் போகும் கிளினிக்கைத் தினம் ஒரு முறை போனில் அழைத்து, யாராவது ரத்து செய்தார்களா என்று நச்சரித்தார். மூன்றாவது வாரம் அவர்களே சலித்துப்போய் ஓர் இடம் கொடுத்தார்கள். அன்று ஜைனப்பிடமிருந்து ஒரு படம் வந்தது. செயலியின் திரை. 'மதியம் 12:50'. கீழே இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: 'இப்ப சரி.'

அக்டோபர் கடைசியில் ஷேரன் மறுபடியும் அந்தக் கணக்கைத் திரையில் போட்டார். அலுவலகம் முழுக்க உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷ், சீனம், மலாய் எல்லாம் வழக்கம்போல் இருந்தன. கடைசி வரியில் தமிழ், அறுபத்திரண்டு.

ஒருவர் ஏறியிருக்கிறார், யாரந்தப் புதிய ஆள், கண்டுபிடித்துப் பேச முடியுமா என்று யாரோ உற்சாகமாகக் கேட்டார்கள். தங்கராஜு கையை உயர்த்தினார்.